ஆர்டிஸ் நெல்லெசனுக்கு ஃபைன் போட ஆளில்லை

கெட்டில் ரன் நகரத்தில் யாருடைய தலைமுடிக்கு அசல் நிறம் என்ன என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஆண்டவர். அவரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். இன்னொருவர் ஆர்டிஸ் நெல்லெசன். அவரைச் செவ்வாய் முதல் சனி வரை பார்க்கலாம், ஆனால் முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கவேண்டும்.

மெயின் தெருவில் அவருடைய அழகு நிலையம் முப்பது வருஷமாக ஓடுகிறது. சலுகை கிடையாது, தள்ளுபடி கிடையாது, பொய்யும் கிடையாது. "இந்தச் சிவப்பு உனக்கு எடுக்காது. போட்டுக்கிட்டேன்னா பீட்ரூட்டுக்குக் கண்ணாடி மாட்டின மாதிரி இருப்பே" என்று அவர் சொன்னால், கேட்டவள் அழுதுகொண்டே பழுப்பு நிறத்துக்கு ஒப்புக்கொள்வாள். பிறகு கணவன் பாராட்டியதும் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வருவாள். விஸ்கான்சின் குளிரில் அந்தக் கடை நிலைத்து நின்றது கத்தரியால் அல்ல, அந்த வாயால்.

கவுன்சிலர் ஆனது அவர் செய்த குற்றமில்லை. மூன்றாம் வார்டுக்குப் போட்டியிட யாரும் முன்வரவில்லை. வாக்குச்சீட்டில் காலியாக இருந்த கோட்டில் வாடிக்கைக்காரிகள் விளையாட்டாக அவர் பெயரை எழுதிப் போட்டுவிட்டார்கள். ஜெயித்துவிட்டார். வேண்டாமென்று எழுதிக் கொடுக்கத்தான் இருந்தார். ஆனால் செய்தியைக் கேட்ட கணவர் வாலி, நாற்காலியிலிருந்து சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஆர்டிஸ் பதவி ஏற்றார்.

எந்தக் குழுவில் உட்கார வைப்பது? நூலகக் குழுவுக்கு அடிதடி. பூங்காக் குழுவில் இடமில்லை. மிச்சமிருந்தது பொதுப் பாதுகாப்புக் குழு. போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் என்னென்ன தேவை என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் மூன்று பேர். தலைவர் ஆர்வில் மோயனுக்கு மருமகன்கள் அத்தனை பேரும் தீயணைப்பு வீரர்கள். தீயணைப்புத் துறை யானை கேட்டாலும் அவர் சம்மதிப்பார். காப்பீட்டு ஏஜெண்ட் கோர்டி பெல்கி, போலீஸ் தலைவரோடு வாராவாரம் சீட்டாடுகிறவர். போலீஸ் கேட்டால் இரண்டு யானையாக வாங்கிக்கொள்ளச் சொல்வார். ஆகவே ஊரின் பாதுகாப்பு முழுவதும் மூன்றாவது கையில், அதாவது ஹேர்டை பட்டுக் கறுத்த அந்தக் கையில், இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் நகராட்சியிடம் ஒன்றுக்குத்தான் காசு. போலீஸுக்குப் புது ரோந்துக் கார் வேண்டும். பழைய காரில் ஹீட்டர் செத்துப்போய், பிடிபட்டவன் பின்சீட்டில் நடுங்குவதைப் பார்த்துப் பிடித்தவரே மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. தீயணைப்பு வண்டிக்குப் புது பம்ப் வேண்டும். இருக்கிற பம்புக்குக் குளிர் வந்தால் இருமலும் வந்துவிடும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு என்று முடிவானது.

அன்றிலிருந்து இரண்டு துறைகளுக்கும் ஆர்டிஸ்மேல் அபாரமான பாசம் வந்துவிட்டது.

முதலில் பனி. ஒருநாள் காலையில் மண்வெட்டியோடு வெளியே போன வாலி, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கண்ணு, நான் தூக்கத்துல எழுந்து போய்ப் பனி வாரினேனா?"

"நீங்க முழிச்சிருக்கும்போதே வாரமாட்டீங்க. ஏன்?"

"வாசல் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சிமெண்டு தெரியுது. இங்க சிமெண்டு இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு."

தீயணைப்பு வீரர்கள் விடியும் முன்பே வந்து வாரிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பனி பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

அடுத்து சாக்பீஸ். மெயின் தெருவில் இரண்டு மணி நேரத்துக்குமேல் காரை நிறுத்தக்கூடாது. லோர்னா டெஷ் என்கிற போலீஸ் ஊழியர், நீளக் குச்சி நுனியில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு டயர்களில் கோடு போட்டுக்கொண்டே போவார். திரும்பி வரும்போதும் கோடு போட்ட கார் அதே இடத்தில் இருந்தால் ஃபைன். யாருக்காவது சாயம் ஏற்றிக்கொண்டே காரை மறந்துவிடுவது ஆர்டிஸின் வழக்கம். மாதம் தவறாமல் ஃபைன் கட்டுவார், மாதம் தவறாமல் லோர்னாவைத் திட்டுவார். இப்போது லோர்னாவின் குச்சி, ஆர்டிஸின் பழைய ப்யூக் காருக்குப் பக்கத்தில் வந்ததும் மரியாதையாக ஆகாயத்தைப் பார்த்தது.

ஆர்டிஸ் அனுபவிக்கவில்லை என்று சொல்லமுடியாது. இரண்டு வாரம் நன்றாகவே அனுபவித்தார். வினை, முடி உலர்த்தும் இயந்திரத்தின் வழியாக வந்தது.

அந்தக் கவிழ்த்துப் போட்ட குடத்துக்குள் தலையை விட்டவர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கூவுவார்கள். ஊரின் செய்தித்தாள் நின்றுபோய்ப் பல காலமாகியும் யாருக்கும் குறை தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அன்று குடத்துக்குள் இருந்த ஃபில்லிஸ் குரோஸ்காஃப், அடுத்த குடத்துக்காரியிடம் ரகசியமாகக் கூவினாள்:

"ஆர்டிஸை விலைக்கு வாங்கிட்டாங்களாம்டி!"

"யாரு வாங்கினது?"

"அதான் இன்னும் தெரியல! போலீஸுக்கு ஓட்டுப் போட்டா போலீஸ் வாங்கியிருக்கு. ஃபயருக்குப் போட்டா ஃபயர் வாங்கியிருக்கு. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சிடும்!"

ஆர்டிஸின் கையில் கத்தரி திறந்தபடி நின்றது. குடத்திலிருந்து வெளியே வந்த ஃபில்லிஸ் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு, "இந்தத் தடவை நிறம் எனக்கு எடுத்திருக்கா, ஆர்டிஸ்?" என்று கேட்டாள்.

"நல்லா எடுத்திருக்கு."

"நிஜமாவா சொல்றே?"

முப்பது வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி அது. கவுன்சிலர் பதவி போனால் போகிறது, அது விளையாட்டாக வந்தது. ஆனால் ஆர்டிஸின் வாயை ஊர் நம்பாவிட்டால் கடையில் மிஞ்சுவது ஷாம்புவும் வெந்நீரும்தான். செவ்வாய்க்குள் ஒரு ஃபைன் வாங்கியாகவேண்டும். யாரும் தன்னை வாங்கவில்லை என்று காட்ட வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை.

போலீஸ் தலைவர் டுவேன் ஸ்கோகைப் பிடித்தார். டுவேனின் முதல் முடியை வெட்டியவர் அவர்தான். அன்றைக்கு அவன் அழுத அழுகை ஊருக்கே தெரியும்.

"டுவேன், எனக்கு ஒரு ஃபைன் போடு."

"எதுக்கு ஆர்டிஸ்? நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

"காலையிலேர்ந்து கார் அதே இடத்துல நிக்குது."

"அது நிக்கிற அழகைப் பார்த்துக்கிட்டேதானே இருக்கேன்! உங்களை மாதிரி நேரா யாரு நிறுத்துறாங்க?"

"கோடு போட வேண்டாமா?"

"சாக்பீஸ் தட்டுப்பாடு" என்றார் டுவேன், கண்ணைச் சிமிட்டாமல்.

வெள்ளிக்கிழமை நண்பகல், ஆர்டிஸ் தன் வாழ்க்கையின் முதல் திட்டமிட்ட குற்றத்தைச் செய்தார். கடைக்கு எதிர்ப்பக்கம், நோல்டேயின் மதுக்கடை வாசலில், தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் கொடுக்கும் சிவப்புக் குழாய் நின்றது. பனியில் புதைந்தாலும் தெரிவதற்காக அதன் தலையில் கொடிக்கம்பு கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயை ஒட்டி, கொடி கண்ணாடியில் உரச, ப்யூக்கை நிறுத்தினார். இதற்கும் ஃபைன் இல்லையென்றால் இந்த நாட்டில் சட்டம் என்று ஒன்று இல்லை.

லோர்னா வந்தார், பார்த்தார், தெருவைக் கடந்து எதிர் நடைபாதையில் ஏறிக்கொண்டார். டுவேன் வந்தார். ஆர்டிஸ் வழுக்கி விழக்கூடாதென்று கார்க் கதவுக்குக் கீழே உப்புத் தூவிவிட்டுப் போனார். கடைசியில் தீயணைப்புத் தலைவர் ரோலண்ட் பிஷ்கேயே வந்தார். குழாயைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த ஆர்டிஸுக்கு நெஞ்சு துள்ளியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"தப்புதானே, ரோலண்ட்?"

பிஷ்கே தொண்டையைச் செருமினார். செவ்வாய்க்கிழமை அவர் கண்ணில் வந்து போனதை ஆர்டிஸ் பார்த்தார்.

"தப்புன்னு சொல்லமுடியாது. வண்டிக்குக் கீழ விட்டுத் தண்ணி ஹோஸை இழுத்துக்கலாம். பசங்களுக்கும் பயிற்சி ஆகும். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"இந்த ஊர்ல ஒரு யோக்கியன்கூட இல்லையா?" என்றார் ஆர்டிஸ். வீம்புக்குக் காரை அங்கேயே விட்டார்.

சாயங்காலம் வாலியும் அவரும் நோல்டேயில் மீன் சாப்பிடப் போனார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஊர் மொத்தமும் அங்கேதான். வறுத்த மீன், உருளைக்கிழங்கு, கம்பு ரொட்டி, பிராந்தி. ஃபில்லிஸும் இருந்தாள். டுவேனும் இருந்தார். குவியலாகக் கிடந்த கோட்டுகளின் அடியில் ஆர்டிஸின் கோட்டு, அதன் பையில் கார்ச் சாவி.

இரண்டாவது தட்டு மீன் வந்தபோது, சமையலறையிலிருந்து நோல்டே ஓடிவந்தார். "எல்லாரும் வெளிய போங்க! புகைக்குழாய்க்குள்ள நெருப்பு!"

எல்லோரும் ஒழுங்காக வெளியேறினார்கள். கோட்டை மறந்தார்கள், தொப்பியை மறந்தார்கள். ஆனால் மீன் தட்டை ஒருவரும் மறக்கவில்லை. உறைபனியில் ஊரே தட்டும் கையுமாகத் தெருவில் நின்று கூரையைப் பார்த்தது. எண்ணெய் படிந்த புகைக்குழாய் வழியாக ஏறிய தீ, கூரையின் விளிம்பில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வீரர்கள் ஹோஸோடு குதித்துக் குழாயை நோக்கி ஓடினார்கள். ப்யூக்கின் முன்னால் வந்து நின்றார்கள். காருக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். ஒதுக்கித் தள்ளிய பனி அங்கே கல்லாக இறுகியிருந்தது. கார் கண்ணாடிகளை உடைத்து, ஹோஸை உள்ளே புகுத்தி, மறுபக்கம் இழுக்கவேண்டும். எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். பிஷ்கே கோடாலியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. திரும்பி ஆர்டிஸைப் பார்த்தார்.

"ஆர்டிஸ்... சாவி இருக்குமா? உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..."

கூரையில் ஏதோ வெடித்தது.

"உள்ள கோட்டுல இருக்குடா! உடை!"

"இல்ல, செவ்வாய்க்கிழமை நீங்க தப்பா..."

"என் ஓட்டைப் பார்க்காதே, நெருப்பைப் பாரு!" தன் தட்டை ஃபில்லிஸ் கையில் திணித்துவிட்டு ஓடிய ஆர்டிஸ், பிஷ்கேயின் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்கி, சொந்தக் காரின் ஜன்னலை ஒரே போடாகப் போட்டார். அடுத்த பக்கக் கண்ணாடியைப் பிஷ்கே உடைத்தார். ஹோஸ் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. பம்ப் இருமியது, மறுபடியும் இருமியது. ஊர் மொத்தமும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. மூன்றாவது இருமலுக்குப் பிறகுதான் தண்ணீர் பீறிட்டது.

தீ அணைந்தது. நோல்டேவுக்கு நஷ்டம் புகைக்குழாயும் கூரையில் ஒரு மூலையும். காயம் யாருக்கும் இல்லை. வாலியின் உருளைக்கிழங்கு மட்டும் நனைந்தது.

ஆர்டிஸ் கோடாலியோடு டுவேனிடம் போனார்.

"எழுது."

"ஆர்டிஸ், ரெண்டு கண்ணாடி போச்சு உங்களுக்கு. இன்னிக்குப் போய்..."

"குழாயை மறிச்சவ நான். கூரை போயிருக்கும், டுவேன். எழுதுடா!"

டுவேன் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. இரண்டு தட்டுகளோடு நின்ற ஃபில்லிஸ்தான் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை தலையில் குடம் இல்லை, ஆனால் குரல் அதே குரல்.

"எழுதுங்க சீஃப்! நானா இருந்தா ரெண்டா எழுதுவேன்!"

டுவேன் பேனாவை எடுத்தார். மை உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதி ஊதி எழுதிக் கிழித்துக் கொடுத்தார். மீன் தட்டு இருந்ததால் யாராலும் கைதட்ட முடியவில்லை. காலால் தரையைத் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு ஆர்டிஸ் அந்தச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்.

"நான் செஞ்சது மடத்தனம்" என்று ஆரம்பித்தார். "நேர்மையை நிரூபிக்கப் போய் நோல்டேயோட கூரையை எரிக்கப் பார்த்தேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பம்ப் இருமினதை ஊரே கேட்டுச்சு. அதனால என் ஓட்டு பம்புக்கு. போலீஸ் காரு அடுத்த வருஷம். அதுவரைக்கும் ஃபில்லிஸ் போர்வை பின்னித் தருவா, அவகிட்ட பேசிட்டேன். ஆனா கூடவே ஒரு நிபந்தனை. இந்தக் குழுவுல இருக்கிறவங்க வீட்டுப் பனியை ஃபயர் ஆளுங்க தொடக்கூடாது. தெருவுல முதல் கோடு எங்க காருக்குத்தான் போடணும்."

"எங்களுக்குமா?" என்று ஆர்விலும் கோர்டியும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தக் குழுவின் சரித்திரத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் முறை. வந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்கள். கையைத் தூக்கினார்கள்.

புதன்கிழமை பார்லரில் ஃபில்லிஸ் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்: "வசந்தத்துக்குச் சிவப்பு போட்டுப் பார்க்கலாமா?"

"உனக்கு எடுக்காது."

ஃபில்லிஸ் பெருமூச்சு விட்டாள். "சரி. பழுப்பே போடு."

அன்றிரவு பெரும்பனி கொட்டியது. காலையில் வாலி கதவைத் திறக்கப் பார்த்தார். கதவு பாதிதான் திறந்தது. வாசல் எது, தெரு எது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டிய ப்யூக்கின் முன்கண்ணாடியில் மட்டும், துடைப்பானுக்கு அடியில், ஒரு சீட்டு படபடத்தது.

"கண்ணு, பனியை யாரும் வாரல. பனி தள்ளுற வண்டி வர்ற பக்கத்துல காரு நிக்குதுன்னு லோர்னா ஃபைனும் வெச்சிருக்கா!"

உள்ளே ஆர்டிஸ் காபியை ஊற்றிக்கொண்டே சிரித்தார். "அப்பாடா, ஊர் சரியாயிடுச்சு" என்றார். "மண்வெட்டி கதவுக்குப் பின்னால இருக்கு."