ஆறாவது மாடிக்கு ஆடு கொடுத்த உத்தரவு

திண்டிவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என்னிடமா கேட்பது! எண்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், தென்னாற்காடு மாவட்டத்திலேயே உயரமான கட்டடத்தைப் பார்க்க நான் அங்கே போனேன். கோயில் கோபுரங்களைச் சேர்க்காமல் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். மொத்தம் ஆறு மாடி. இப்போது சிரிப்பீர்கள். அன்றைக்கு அந்த ஊரில் மூன்று மாடி எழும்பினாலே ஜனம் அண்ணாந்து பார்க்கும். அந்த ஆறு மாடிக்கும் தூண், உத்திரம், கம்பி எல்லாம் கணக்குப் போட்டு வரைந்தவள் நான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நான் முழுசாக வரைந்த முதல் கட்டடம் அது.

முதலில் ஐந்து மாடி லாட்ஜுக்குத்தான் வரைந்தேன். சொந்தக்காரர் தரணேந்திர நயினார், செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். நிலபுலன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் என்று வசதியான மனிதர். விழுப்புரத்தில் ஒருத்தர் ஐந்து மாடி கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "நமக்கு இன்னும் ஒண்ணு ஏத்திடும்மா" என்றார். தோசை மேல் தோசை வைக்கிற மாதிரி! அஸ்திவாரம் தோண்டவில்லையே, அந்த மட்டும் தப்பித்தேன். தூண்களையெல்லாம் பருமனாக்கி, கம்பி கூட்டி, முதலிலிருந்து வரைந்தேன். கோபம் வந்தது, வாஸ்தவம். ஆனால் மாவட்டத்திலேயே உயரமானது என்று நினைத்தபோது கோபத்துக்குள்ளேயே ஒரு குஷியும் வந்தது.

உச்சித் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளில் நேரில் இருக்க வேண்டும் என்று லீவு போட்டுக் கிளம்பினேன். முந்தின நாளே விழுப்புரம் போய்ச் சித்தி வீட்டில் தங்கினேன். சென்னையிலிருந்து சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர், பஸ் டிக்கெட் பதினைந்து ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்ததாக ஞாபகம். போன கையோடு எதிரியின் ஐந்து மாடியைப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள், பாவிகள். மறுநாள் விடிந்ததும் திண்டிவனம் பஸ் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஒரு மணி நேரம் ஆகும்.

பஸ்ஸில் கண்டக்டரிடம் லாட்ஜ் பெயரைச் சொல்லி எங்கே இறங்குவது என்று கேட்டேன். "அந்த ஆறு மாடியா? நீங்க எங்க எறங்கினாலும் தெரியும்மா. அது வந்ததுலேர்ந்து ஊர்ல எவனும் வழி கேக்கறதில்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அந்தச் சந்தோஷம் கட்டட வாசல் வரைக்கும்தான். கலவை மிஷின் சும்மா நின்றது. வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுபது எழுபது ஆட்களும் மணல் குவியலைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாலை போட்ட ஒரு கருப்பு ஆடு. அதன் எதிரில் சிமெண்ட் மூட்டையின் மேல் வெள்ளை வேட்டியோடு நயினார். இருந்த எல்லோரிலும் அந்த ஆட்டின் முகம்தான் தெளிவாக இருந்தது.

விஷயம் இதுதான். உச்சித் தளம் போடுமுன் காவு கொடுப்பது அந்த ஆட்களின் வழக்கம். ஏழுமலை மேஸ்திரி ஊரிலிருந்தே ஆட்டை ஓட்டி வந்திருந்தார். நயினார் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"நாமளா குடுக்கலைன்னா கட்டடம் தானா எடுத்துக்கும் மேடம். போன வருசம் வேற ஊர்ல என் மச்சான் சாரத்துலேர்ந்து வுழுந்து செத்தான். அங்கயும் காவு வேணாம்னுதான் சொன்னாங்க. இத்தினி பேரை மேல ஏத்தறேன், இவுங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் மேஸ்திரி.

"என் கட்டடத்துல ஒரு உசுரு போச்சுன்னா, அப்புறம் அதுல ஆறு மாடி இருந்தா என்ன, அறுபது இருந்தா என்ன?" என்றார் நயினார். "எம்மேல கத்தியை வைங்க, ஆட்டு மேல வைக்காதீங்க."

நான் வானத்தைப் பார்த்தேன். தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. தளத்தை ஒரே மூச்சில் போட வேண்டும். பாதியில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது. ஆட்களோ மறுநாள் பாண்டிச்சேரியில் வேறு வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் மழைக்காலம் முடிந்துதான் என் கட்டடத்துக்குத் தலை முளைக்கும்.

பூசணிக்காய் உடைக்கலாமே என்றேன். "அது பொட்டிக்கடைக்கு மேடம்" என்றார் மேஸ்திரி. மாவில் ஆடு செய்து வெட்டலாமா என்றேன். நயினார் காதைப் பொத்திக்கொண்டார். "மாவா இருந்தாலும் வெட்டணும்னு நெனச்சிட்ட இல்ல? வெட்டினதுதாம்மா." சரிதான், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு நானும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன்.

கடைசியில் மேஸ்திரியே ஒரு படி இறங்கி வந்தார். "தண்ணி தெளிச்சி அம்மாகிட்ட உத்தரவு கேப்போம். ஆடு துளுக்குச்சின்னா வெட்டலாம். துளுக்கலைன்னா வுட்டுடறேன்." துளுக்குவது என்றால் உடம்பைச் சிலிர்த்து உதறுவது. அப்படி உதறினால் அம்மன் சம்மதம் தந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"தண்ணி ஊத்தினா எந்த ஆடுதான்யா ஒதறாது?" என்று எகிறினார் நயினார்.

அப்போதுதான் சித்தாள்களில் மூத்தவளான அஞ்சலை எழுந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாய்யா பேஜாரா கீது உங்களோட! கேக்கறதுதான் கேக்கறீங்க, வேற கேள்வியாக் கேளுங்களேன்" என்றாள். "ஆட்டை உசுரோட உச்சிக்கு ஏத்துவோம். அம்மாவுக்கு நேர்ந்து வுட்டுடறோம், எங்களைக் காப்பாத்துன்னு கேப்போம். துளுக்குச்சின்னா அம்மா ஒத்துக்கினான்னு அர்த்தம். நாங்க ஏறுறோம். மேஸ்திரி, உன் சாமி உசுரோட குடுத்தா வாங்கிக்க மாட்டாளா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு தலையாட்டினார். நயினார் அஞ்சலையைக் கையெடுத்துக் கும்பிட்டார். கூடவே, "சாரத்துல ஒரு முடிச்சு விடாம கயிறெல்லாம் திருப்பிக் கட்டுங்க. அப்புறம்தான் ஆடுகூட ஏறணும்" என்றார். அதைச் சொன்னதும் ஆட்களின் முகம் கொஞ்சம் மாறியதைக் கவனித்தேன்.

பலகைச் சாய்வில் ஆடு ஏறிய அழகைப் பார்க்க வேண்டுமே! மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு மாடியிலும் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறியது. நாங்கள்தான் பின்னாலேயே மூச்சு வாங்கினோம். உச்சியில் கம்பிக் கட்டின் ஓரமாகப் பலகையில் நிறுத்தி, மேஸ்திரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

ஆடு மாலையைத் தின்றது.

இன்னொரு செம்பு ஊற்றினார்கள். ஆடு ஊரை வேடிக்கை பார்த்தது. எந்த ஆடுதான் ஒதறாது என்று காலையில் எகிறிய மனிதருக்கு இப்போது வியர்த்துக் கொட்டியது. "துளுக்கு கண்ணு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஜல்தியா ஒருவாட்டி துளுக்கிடு" என்று ஆட்டின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார். இந்த உத்தரவிலெல்லாம் நம்பிக்கையே இல்லாதவர்! கடைசியில் குடத்தை அவரே வாங்கினார். அந்த அவசரத்திலும் தன் தோள் துண்டைக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டித்தான் ஊற்றினார். தண்ணீரில் இருக்கும் சிற்றுயிரும் சாகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

ஆடு காதை ஆட்டியது. அப்புறம் தலை, கழுத்து, முதுகு, வால் வரைக்கும் அப்படி ஒரு உதறு! நயினார் சட்டை, மேஸ்திரி மீசை, என் கைப்பை எல்லாம் மஞ்சள். பெண்கள் குலவை போட்டார்கள். கீழே யாரோ கலவை மிஷினைக் கிளப்பிவிட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன். சிரித்துக்கொண்டேதான்.

அதற்குப் பிறகு கலவை நிரம்பிய இரும்புப் பாண்டு கை மாறிக் கை மாறி மேலே வந்த வேகம்! மேகம் மயிலம் பக்கம் ஒதுங்கிப் போயிற்று. சாயங்காலம் ஒரு மூலை மட்டும் பாக்கி இருந்தபோது அஞ்சலை என்னிடம் ஓடி வந்தாள். "மேடம், நயினாரு இன்னும் சாப்புடல. பொழுது எறங்கிட்டா அவுங்க சாப்புட மாட்டாங்களாமே?" ஆமாம், சூரியன் மறைந்தால் மறுநாள் காலைதான். ஆட்கள் சாப்பிட்டபின் சாப்பிடுகிறேன் என்று மனிதர் காலையிலிருந்து பட்டினி.

அவள் வரிசையைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள். "நமக்காகப் பட்டினி கெடக்கறாரு, தூக்குங்கடி!" காலையில் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்த அதே ஜனம் அவருக்காகப் பறந்தது. வெயில் மஞ்சளாக மிச்சம் இருக்கும்போதே கடைசிப் பாண்டு கவிழ்ந்தது. கீழ்த்தளத்தில் இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு. நயினாரை நடுவில் உட்காரவைத்து முதல் இலையில் மேஸ்திரியே பரிமாறினார். "கறி இல்லாத தளம் போட்ட சாப்பாடு இதான் எனக்கு மொதல்" என்று முனகிக்கொண்டே மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார் அந்த ஆள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இப்போது நான்கு வழிச்சாலை. சென்னையிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரம்தான். வெயிலுக்கு முன் திண்டிவனத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே விழுப்புரம் தாண்டிப் பனமலைக்குப் போய்விடுங்கள். மலை மேல் பல்லவர் கோயில், கீழே ஏரி. தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாடியைத் தேடாதீர்கள், சுற்றி எழும்பிய கட்டடங்களில் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

சாதனையும் ரொம்ப நாள் தங்கவில்லை. விழுப்புரத்துக்காரர் அடுத்து ஏழு மாடி கட்டக் கிளம்பினார். வரைய என்னைத் தேடி வந்தார். சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? நயினாரேதான்! அந்த வரைபடத்தின் ஓரத்தில், கம்பி, சிமெண்ட் பற்றிய குறிப்புகளுக்குக் கீழே ஒன்று சேர்த்து எழுதினேன்: "உச்சித் தளம் போடும் அன்று சாரத்தின் எல்லா முடிச்சுகளும் திரும்பக் கட்டப்பட வேண்டும். உயிர்ப்பலி கூடாது."

தளம் போட்ட அன்று அங்கிருந்த இன்ஜினியர் போன் செய்தார். "எழுதின மாதிரியே செஞ்சிட்டோம் மேடம். ஆனா அந்தக் கடைசிக் குறிப்பு எந்த கோட்ல வருது? கட்டட விதிப் புத்தகம் எல்லாத்துலயும் தேடிட்டேன், கெடைக்கல."

"மேலே ஏறினவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இறங்கி, சாப்பிட உக்காந்துட்டாங்க மேடம்."

"அப்போ இனிமே அதுதான் கோட். எழுதி வெச்சுக்குங்க" என்றேன்.