அம்மன் பெயரில் ஒரு கொள்கலன்

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதுளை பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக ஹார்ட்வெயார் கடை. நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆணி விற்பதற்கு அது தேவைப்படவில்லை. கோயில் சபைக்குத் தலைவராவதற்கு மிகவும் உதவியது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் நெடுங்காலம் தலைவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு நாள் கூடப் படுத்தெழும்பாத ஒருவன் அங்கே எப்படித் தலைவரானான் என்று யாரும் கேட்டதில்லை. சீமெந்து கொடுப்பவனிடம் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

கும்பாபிஷேகத்துக்குத் தூணும் தரைக்கல்லும் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும் என்று சபை முடிவு செய்தது. எங்கள் ஊவா மாகாணத்தில் கல்லுக்கா பஞ்சம்? மலை முழுவதும் கல்தான். ஆனால் உள்ளூர்க் கல்லில் அம்மன் உட்கார மாட்டாள் என்று நாங்கள் அவளைக் கேட்காமலே தீர்மானித்தோம். எங்களுக்குக் கடல் தாண்டி வந்தால்தான் எதற்கும் மதிப்பு, கடல் தாண்டி வந்த மனிதர்களைத் தவிர.

நாட்டில் டொலர் இல்லாமல் போயிருந்த சமயம் அது. டைல்ஸ், கொமோட் போன்றவற்றை இறக்குமதி செய்யத் தடை போட்டிருந்தார்கள். கோயில் திருப்பணி என்று அலைந்தால் அனுமதி கிடைக்கும் என்றார்கள். நான் அலைந்தேன், கிடைத்தது. கொழும்பிலிருந்து அதோடு திரும்பி வந்த ரயிலில் எனக்கு அம்மன் நினைவு வரவில்லை. பதுளையில் நான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் குளியலறைதான் நினைவுக்கு வந்தது. உள்ளூர்க் கொமோட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. படித்தவன் அல்லவா.

தூத்துக்குடியில் கல்லை ஏற்ற வேண்டிய ஏஜெண்ட் தொலைபேசியில் சொன்னார்: "கல்லுன்னா வெயிட்டு சீக்கிரம் நெறஞ்சிரும் சார், எடம் நெறயாது. மேல பாதிப் பெட்டி காத்தத்தான் ஏத்திட்டு வரும்."

காற்றுக்குக் கப்பல் கூலி கொடுப்பதைப் பொருளாதாரம் படித்தவன் எப்படிப் பொறுப்பான்? பீச் நிறத்தில் ஒரு கொமோட், அதற்குப் பொருத்தமாகக் கை கழுவும் தொட்டி, பளபளக்கும் சுவர் டைல்ஸ். எல்லாம் திருப்பணிப் பொருளாயின. லொறி பதுளையைக் கடந்துதான் தோட்டத்துக்கு ஏற வேண்டும். வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்தி, என் சாமான்களை மட்டும் இறக்கிவிடுவதாகத் திட்டம். அதற்காக அவற்றைக் கடைசியாக ஏற்றி, கதவோரத்தில் வைக்கச் சொன்னேன்.

பக்தியை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் சபைச் செயலாளர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எதையும் விமரிசையாகச் செய்கிறவர். எனக்குத் தெரியாமல், தப்பு மேளம், நாதஸ்வரம், பூரண கும்பம் சகிதம் பாதித் தோட்டத்தைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கே இறங்கி, லொறியை நகரத்து எல்லையிலேயே மறித்துவிட்டார். அங்கிருந்து ஊர்வலம். என் வீட்டைக் கடக்கும்போது நான் லொறியின் முன் இருக்கையில் மாலையோடு உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

லொறி தேயிலைத் தொழிற்சாலை முற்றம் வரைதான் ஏறியது. கொள்கலனுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து சிங்கள டிரைவரும் செருப்பைக் கழற்றிவிட்டார். இந்த மக்களின் பாட்டன்மார் அதே கடலைக் கடந்து வந்து இந்த மலைக்கு நடந்தே ஏறியபோது யாரும் கற்பூரம் காட்டியிருக்க மாட்டார்கள். குருக்கள் தேங்காய் உடைத்தார். தப்பு உச்சத்துக்குப் போனது. கதவைத் திறந்தார்கள்.

அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் கொமோட்டின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது.

தப்பு நின்றது. தட்டில் கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் முன்னால் நின்ற ஒரு பெண், கொழுந்து எடுப்பவள், ஐம்பது வயதிருக்கும். தோட்டமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் வாய்க்குக் கங்காணிமாரே பயப்படுவார்கள்.

"சாமி, இதுக்குத்தான் தேங்கா ஒடச்சீங்களா?" என்று அவள் குருக்களைக் கேட்டாள்.

குருக்கள் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோயிலடியில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று அவள் வருடக்கணக்காக என்னிடம் கேட்டு வந்தது அந்த நொடியில் எனக்குக் கைகொடுத்தது.

"நீங்க எல்லாம் கேட்டீங்கல்ல? கோயில்ல தாய்மாருக்குன்னு கட்டத்தான் இத வரவழைச்சேன்" என்றேன்.

"நெசமாவா மொதலாளி?"

"எரியிற கற்பூரத்துக்கு முன்னால பொய் சொல்வனாம்மா?"

அவள் சட்டென்று குலவை போட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தூணையும் கல்லையும் அப்படியே விட்டுவிட்டு, என் கொமோட்டை அவள் தலையிலேயே தூக்கி வைத்து, குலவைச் சத்தத்தோடு மலையேறினார்கள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

கட்டினேன். கட்டாமல் முடியாது. என் டைல்ஸையும் அங்கேயே ஒட்டினேன். ஆனால் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். "வெல கூடின சாமான், எல்லாரும் பாவிச்சா பழுதாயிரும், வெளியூர்ப் பிரமுகர் வந்தா மட்டும் தொறக்கலாம்" என்று சபையில் சொன்னேன். சபை தலையாட்டியது. உண்மை இதுதான்: கும்பாபிஷேகச் சந்தடி அடங்கியதும் சாதாரண உள்ளூர்ச் சாமான் ஒன்றை அங்கே மாற்றி வைத்துவிட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தேன். நான் உட்காரப்போவதில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

கும்பாபிஷேகத்தன்று மாலை தூறல். ஒரு பிரமுகர் வந்தார், கதவு திறந்தது, போனார், மூடியது. பெண்கள் வழக்கம்போலத் தேயிலை மலைக்குள் இறங்கினார்கள். அக்காவும் இறங்கினாள். செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். குற்றவாளிகள் எல்லோரும் ஆப்பிள்தான் வாங்குகிறார்கள் போல. அவள் பக்கத்தில் ஏற்கனவே சபையின் ஆப்பிள் பை இருந்தது.

"இனிமே குந்தவே ஏலாதாம் மொதலாளி. டொக்டர் சொல்லிட்டாரு. நாக்காலி மாதிரி ஒசரமா இருந்தாத்தான் ஒக்காரலாமாம். லயத்துல அதுக்கு எங்க போறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அது என் வீட்டுக்காக வந்தது என்பதையும், பூட்டு எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலியில் பாதியில் நிறுத்தினாள்.

"தெரியாதுங்களா எங்களுக்கு? பொம்பளைங்க மேல அம்புட்டு அக்கற இருந்தா நீங்க எப்பயோ கட்டியிருப்பீங்களே. ஊரு கேக்கக் கொலவ போட்டா திருப்பி எடுக்க வெக்கப்படுவீங்கன்னு நெனச்சேன். பூட்டுப் போடுவீங்கன்னு மட்டும் நெனக்கல."

அடுத்த சபைக் கூட்டத்தில், கொமோட்டைப் பெயர்த்து அவள் லயத்தில் வைக்க வேண்டும் என்றேன். செயலாளர் பதறினார்.

"என்னங்க மொதலாளி, அது அம்மன் சொத்து. லயத்துக்குத் தூக்கிட்டுப் போனா தெய்வக் குத்தம்."

"அம்மன் சொத்து இல்ல. எனக்கு வந்தது. அம்மன் பேரச் சொல்லிக் கொண்டாந்தேன்."

யாருக்கும் அதிர்ச்சி இல்லை. செயலாளருக்கு எரிச்சல்தான் வந்தது. "அது தெரியும்ங்க. அத எதுக்கு இப்ப வாயத் தொறந்து சொல்றீங்க? வெளிய போனா கோயில் பேரு என்னா ஆகும்?"

பேசாமல் இருந்தால் நானே தலைவராகத் தொடரலாம் என்றார்கள். நான் விலகினேன். இப்போதைய தலைவர் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்.

மேசனைக் கூட்டிப்போய் அதைப் பெயர்த்தெடுத்து, தோட்ட நிர்வாகத்தைக் கேட்காமலே அவள் லயத்துக்குப் பின்னால் சின்ன அறை கட்டி வைத்தேன். கோயிலடியில் உள்ளூர்ச் சாமானை வைத்தேன். அந்தக் கதவில் உள்ளே மட்டும் தாழ்ப்பாள்; வெளியே பூட்டு மாட்ட வளையமே வைக்கவில்லை. இதற்காக யாரும் குலவை போடவில்லை.

அவள் இப்போது கொழுந்துக்குப் போவதில்லை. இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு லயத்து வாசல் வரை வருவாள். எப்படி விழுந்தாய் என்று கேட்கிறவர்களிடம் கான் வழுக்கிவிட்டது என்கிறாள். என் பெயரைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன். கான் வழுக்கத்தான் செய்யும். அன்று மாலை அவளை அந்தக் கானுக்கு அனுப்பியவன் நான்.