கம்பத்து மரத்தில் ஒரு ஜோடிக் கோல்

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன வருஷங்களை எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நோட்டும் பென்சிலும் சாமி மாடத்திலேயே கிடந்தன. காலையில் திருநீறு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். திருநீற்றை மட்டும் எடுத்துப் பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன். நாலாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்துக்குக் குறைச்சலில்லை. எழுதினால் தலை குனிய வேண்டும், அதுதான்.

எங்கள் உறவில் ஒரு கதை நடமாடுகிறது. என் மகள் சிறு குழந்தையாக இருந்தபோது மாரியம்மன் அவள் கனவில் வந்து ஒரு ஜோடிக் கோலாட்டக் கோல் கொடுத்தாளாம். நோம்பி, அதாவது கோயில் திருவிழா, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். கல்யாண வீடுகளில் இதைச் சொல்கிறவர்கள் சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கையைக் கூப்புவேன். நான் கும்பிட்டது அம்மனை. பார்த்தவர்கள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னையும் பருத்தியும். கிணற்றுக்குக் கரண்டு வராத காலம். மாடு கட்டித்தான் தண்ணீர் இறைத்தோம்.

மகளுக்கு ஐந்து வயது நடக்கையில் அம்மை வந்தது. வாசலில் வேப்பிலை சொருகி, நானும் என் வீட்டுக்காரியும் தவிர யாரும் உள்ளே வராமல், நாள் தெரியாமல் நாள் போயிற்று. ஒரு மத்தியானம் இளநீரை உதட்டில் விட்டும் குழந்தை கண் திறக்கவில்லை. நான் வாசலுக்கு வந்து கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். "தாயே, எம் புள்ளைய எழுப்பிக் குடு. வர்ற நோம்பிக்கு உன் வாசல்ல அவளைக் கோலாட்டம் ஆட உடறேன்" என்றேன். ஊர்ப் பெண் குழந்தைகள் நோம்பிக்குக் கோயில் முன்னால் கோலாட்டம் போடுவார்கள். அந்த நேரத்தில் அம்மனுக்குக் கொடுக்க வேறென்ன இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை.

எழுந்துவிட்டாள். தலைமயிர் கொட்டி, முகமெல்லாம் தழும்போடு எழுந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரி கண்ணாடியைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். ஆனால் ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை ஒன்று தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று, "இவ மூஞ்சி எதுக்குச் சல்லடையாட்ட இருக்குது?" என்று கேட்டது. வேண்டுமென்று கேட்டதில்லை, குழந்தைதானே. அன்றிலிருந்து வாசலில் யார் குரல் கேட்டாலும் என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அங்கே ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டு பருத்திக்கொட்டையை அடுக்கி விளையாடிக்கொண்டிருப்பாள். வெளியே வரச்சொன்னால் அழமாட்டாள். கொட்டைகளை மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பிப்பாள்.

குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஊருக்கே தெரிந்த என் நேர்த்திக்கடன் அம்மன் வாசலில் இருந்தது. கொடுத்த உயிரை அவள் திரும்பக் கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று வரப்பில் நடக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. பருத்தி வண்டியோடு பீளமேட்டுக்குப் புறப்பட்டேன். வீட்டுக்காரி குழந்தையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், அதற்கு மேல் ஒரு சாண் கூட்டி, ஒரு நூலில் அளவு எடுத்து முடிச்சுப் போட்டாள். அதை என் அரைஞாணில் கட்டினாள்.

"டவுன்ல செகப்பும் மஞ்சளுமாச் சாயம் பூசின கோலு விக்குதாமுங்க. இந்த அளவுக்கு வாங்கியாருங்க. கண்டாவது புள்ளைக்கு ஆசை வருமுங்க."

மில்லில் பருத்தியைப் போட்டேன். டவுனைச் சுற்றினேன். திரும்பும்போது வண்டியில் படுத்தவன்தான். மாடுகளுக்கு வழி தெரியும். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக என் மேல் நிழலைப் போட்டுவிட்டுப் போயின. எங்கள் ஊர் எல்லையில் தப்பட்டைச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். நோம்பி தொடங்குவதை ஊருக்கு அறிவித்துச் சாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் எழுந்து உட்கார்ந்ததும் அரைஞாணில் முடிச்சு இடித்தது.

சாட்டிவிட்டால் எங்கள் ஊரில் மூன்று கட்டுப்பாடு. யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. சட்டியில் எதையும் தாளிக்கக்கூடாது. பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. டவுனுக்குப் போய்வர வண்டியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேண்டும். கோலாட்டம் பழகத் தொடங்க மூன்றே நாள் இருந்தது. கோல் இல்லாத குழந்தையை ஆட்டம் பழக்கும் வாத்தியார் வட்டத்தில் சேர்ப்பதில்லை.

"மறந்துபோட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"தூங்கிப்போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

தென்னந்தோப்பில் கோலுக்கு ஆகிற மரம் ஏது? காய்ந்த பருத்திமார்த் தண்டில் இரண்டு ஒடித்துத் தட்டிப் பார்த்தேன். முதல் தட்டிலேயே நாலாயிற்று. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

மறுநாள் காலையில் கம்பம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தை வெட்டிவந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, அம்மனுக்கு எதிரே நடுவோம். அம்மனுக்கு அதுதான் புருஷன். நோம்பி முடிகிற வரைக்கும் ஊர் அதைச் சுற்றி ஆடும். முடிந்ததும் பிடுங்கிக் கோயில் கிணற்றில் விடுவோம். செதுக்கிய துண்டுகளைக்கூட அள்ளிக் கோணியில் கட்டிவைத்து, கம்பத்தோடுதான் போடுவது. அந்த வருஷம் வெட்பாலை மரம். சாட்டுக்கு முந்தியே வெட்டிவைத்தது. உரித்தால் தந்தம் மாதிரி வெள்ளை. பட்டை உரிக்க நானும் கை கொடுத்தேன். கழித்த கொம்பில் நேரான துண்டு இரண்டு என் காலடிக்கு உருண்டுவந்தன. அரைஞாணிலிருந்த நூலை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

பச்சை மரத்தில்தானே கத்தி வைக்கக்கூடாது, இது வெட்டிக் கிடக்கிற மரம்தானே என்று சொல்லிக்கொண்டேன். சாமி சொத்து என்ற நினைப்பே வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. வந்ததை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டேன்.

கிணற்றடியில் உட்கார்ந்து செதுக்கினேன். அத்தி இலையால் சொரசொரப்புப் போகத் தேய்த்தேன். சீவல்கள் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விழுந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பருத்திப் பாத்திக்குள் போய் மறைந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. செய்தது தப்பு என்று தெரியும். ஆனாலும் அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன்னால் எந்த வேலையும் செய்ததில்லை.

தெற்குப் பக்கத் தோட்டத்திலிருந்து என் அக்கா வந்தாள்.

"ஏண்டா தம்பி, இது கோலா, முள்ளங்கியா?"

இரண்டையும் வாங்கித் தட்டிப் பார்த்தாள். "ஈர மரம். தயிருக்குள்ள கையை உட்டாப்பல சத்தம் வருது. எங்கத்த மரம்?"

"கெடச்சுதுங்க்கா."

"யாரு குடுத்தா?"

"குடுக்கறவங்க குடுத்தாங்க."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கனவுக் கதை முளைத்த இடம் அதுதான். விதை என் வாயிலிருந்து விழுந்தது.

அடுப்புக்கு மேலே உறியில் வைத்துக் கோல்களைப் புகைபட உலர்த்தினாள் வீட்டுக்காரி. குழந்தை கட்டிலை விட்டு வந்து உறியை அண்ணாந்து பார்த்தது.

"யாருக்குங்கப்பா?"

"உனக்குத்தான் கண்ணு."

"நான் போகமாட்டேன். எதிர்ல நிக்கற புள்ள என் மூஞ்சியத்தானே பாத்துட்டு நிக்கும்."

கோலாட்டத்தில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்க வேண்டும். அது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.  நான் உறியிலிருந்த கோலைக் காட்டினேன்.

"மூஞ்சியப் பாத்தா வெரல்ல அடி உழுகும், அம்மணி. கோலத்தான் பாக்கோணும். மூஞ்சியப் பாக்க அங்க யாருக்கும் நேரம் இருக்காது."

அவள் அதை நம்பவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

மத்தியானம் தண்ணீர் இறைக்கையில் கோலோடு அவளையும் கூட்டிப்போனேன்; நான் இரண்டு தென்னைமட்டைத் துண்டு எடுத்துக்கொண்டேன். மாட்டை ஓட்ட என் வீட்டுக்காரி நின்றாள். மாடுகள் சரிவில் இறங்கும்போது உருளை முனகும். தோல் பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னால் ஏறும். இறங்க நாலு தட்டு, ஏற நாலு தட்டு. வலது, இடது, எதிரே, எதிரே. தென்னை ஓலைகளின் வழியாக வெயில் காசு காசாக அவள் மேல் விழுந்து நகர்ந்தது. முகத்திலும் விழுந்தது. தழும்பு எது, வெயில் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கோல் என் கட்டைவிரலில் இறங்கியது.

"பாத்துப்போட்டீங்க," என்றாள்.

"ஆமா சாமி."

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

அவளுக்கு ரொம்பத் திருப்தி. அந்த நகம் கறுத்து, விழுந்து, முளைக்க ஆடி மாதம் ஆயிற்று.

பழகத் தொடங்கும் நாள் வந்தது. வீட்டுக்காரி அரப்புத் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். தன் சீலை ஒன்றைக் கிழித்துப் பாவாடை தைத்திருந்தாள். விரல் நீளம்தான் மயிர் வளர்ந்திருந்தது, பின்னல் போட வழியில்லை. மரிக்கொழுந்துச் சரத்தைத் தலையைச் சுற்றி நெற்றிக்கு மேலே கட்டிவிட்டாள். குழந்தை கண்ணாடி கேட்கவில்லை. கோல் எங்கே என்றுதான் கேட்டது.

பொழுது சாய, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகப் போனோம். இரண்டு கோலையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அந்த இடுக்கில் வழி பார்த்தாள்.

கோயில் முன்னால் பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். கோலைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"ஏனுங்க, கோலு இத்தன வெள்ளையா இருக்குதே. எங்கத்த மரமுங்க?"

அக்காவுக்குச் சொன்னதை அவருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. "கம்பத்துலீங்க," என்றேன்.

அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையை. அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். இவர் இப்போது கோலைப் பிடுங்கினால் அவள் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் விழுவாள், அப்புறம் எந்த நோம்பிக்கும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மணி, கோலைக் காட்டு சாமி," என்றார். அவள் கையை விடாமல் நீட்டினாள். மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஊரே கம்பத்தைச் சுத்தி ஆடுது. இந்தப் புள்ள கம்பத்தைக் கையில புடிச்சுட்டு ஆடட்டும். ஆனா இது அவளுது இல்லீங்க. கம்பம் போற அன்னிக்கு இதுவும் ஒட்டுக்காப் போகோணும். நீங்க புடுங்கிப் போடக்கூடாது. அவளே மனசோட போடோணும்."

"போடலீன்னா?"

"எங்கிட்டக் கேக்கறீங்களே. நீங்க வாக்குக் குடுத்தது எங்கிட்டயா?"

வாத்தியார் ஜோடி பிரித்தார். என் மகளுக்கு எதிரே, குடத்தோடு வந்து சல்லடை என்று கேட்ட அதே குழந்தை வந்து நின்றது. அது முகத்தைத்தான் பார்த்தது. என் மகள் அடித்தாள். விரலை உதறிக்கொண்டு அது முகம் சுளித்தது.

"கோலப் பாரு புள்ள," என்றாள் என் மகள்.

அதற்குப் பிறகு இருட்டுகிற வரைக்கும் வட்டம் சுற்றியது. முப்பது கோல்களின் ஓசையில் அவள் கோல் மட்டும் ஊமையாக இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நான் புங்கமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நோம்பி முழுக்க ஆடினாள். கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். கம்பம் எடுப்பதற்கு முதல் நாள் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன்.

"இந்த மரம் சாமியோடது கண்ணு. அப்பா கேக்காம எடுத்துப்போட்டேன்."

"திருடிப்போட்டீங்களா?"

"ஆமா."

இரண்டு கோலையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் குடுத்துப்போடறேன். நீங்க பயந்துக்காதீங்க," என்றாள்.

மறுநாள் காலை கம்பத்தைக் கிணற்றில் விட்டபின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். ஒரு கோலைப் போட்டாள். மற்றதைக் கிணற்று மேட்டுக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். இத்தனை நாளில் காய்ந்திருந்தது. வெண்கலம் மாதிரிக் கணீரென்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் போட்டாள்.

"குடுத்தவ வாங்கிக்கிட்டா," என்று அக்கா பின்னால் நின்று சொன்னது கேட்டது. சுற்றி இருந்தவர்கள் கும்பிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடமும் அவர் சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் கதை ஓடும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பார்ப்பாள். போன மாதம் அவளிடம், எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கப்பா, நகத்தையும் சேத்து எழுதுங்க," என்றாள்.

எழுதிவிட்டேன். தாயே, என் தப்பைப் பொறுத்துக்கொள். இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் எங்கள் உறவினர் சொல்கிற மாதிரிச் சொல்ல வேண்டாம். கனவு ஒன்றும் வரவில்லை. எடுத்தவன் அப்பன், திருப்பிக் கொடுத்தவள் குழந்தை. ஒரு சொல் கூட்டாமல், எனக்காக ஒரு சொல் குறைக்காமல், இப்படியே சொல்லுங்கள்.