ஆடி கழிஞ்சு எழுதிக்கலாம்

போன மாதம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... வழக்கு என் மேல் இல்லை. நண்பர் கனகராஜுக்குத் துணையாகப் போனேன்.

கனகராஜ் மலையாள நாட்டு எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கத்து விவசாயி. சொந்தக் காடு இரண்டு ஏக்கர் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வற்றாத கிணறு. அதன் சொந்தக்காரர் பழனிச்சாமி தோட்டத்தை விற்கச் சம்மதித்ததும், இவர் கறவை மாடுகளை விற்று முன்பணம் கொடுத்து ஒப்பந்தக் கரார் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கெடு முடிந்தது எப்போது? ஆடியில். நம் ஆட்கள் ஆடியில் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், பதிவார்களா? மீதிப் பணத்தோடு போன கனகராஜிடம், "ஆடி கழிஞ்சு எழுதிக்கலாம், போய்ட்டு வாங்க" என்று பழனிச்சாமியே சொல்லியிருக்கிறார். இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்கவில்லை. கேட்டால், "ஒரு மாசம் தள்ளறதுக்கெல்லாம் ஆருங்க எழுதி வாங்குவாங்க?" என்கிறார்.

ஆவணி வந்தது. கூடவே, அந்த வழியாகப் புது ரோடு வருகிறது என்ற பேச்சும் வந்தது. "கெடு முடிஞ்சு போச்சுங்க, கரார் செல்லாது" என்றார் பழனிச்சாமி. விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

கெடுவைத் தள்ளிப்போட்டதற்குச் சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார். அன்று அந்த வீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர்தான் — பழனிச்சாமியின் அக்கா மரகதம்.

தம்பிக்கு எதிராக அக்காவைக் கூப்பிடுவதா? கனகராஜுக்குக் கூச்சம். என்னையும் இழுத்துக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "என்னிக்கு வரோணுங்க?"

வந்தார். கூண்டில் ஏறி, காதில் விழுந்ததை அப்படியே சொன்னார். தம்பியின் வக்கீல் மலையாளத்தில் மடக்கினார் — உங்களுக்கும் தம்பிக்கும் பகை, அதனால்தானே வந்தீர்கள்?

"பகையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வைகாசில எம் புள்ளைக்குக் கல்யாணம். மாமன் சீர் அவன்தான் செய்யோணும். அவன உட்டா எங்களுக்கு வேற ஆருமில்லீங்க." ஜட்ஜ் பக்கம் திரும்பினார். "ஆனா அவன் சொன்னத நாங் கேட்டனுங்களே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன? அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் காலையிலேயே காய்ச்சல் வந்திருக்கும்... டாக்டர் சர்டிபிகேட்டோடு.

பழனிச்சாமி அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். அன்றிலிருந்து பேச்சில்லை. மரகதம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது, அவர் ஊரில் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

உண்மை பேச வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நானும்தான் எத்தனை முறை எழுதியிருப்பேன்? அப்படி எழுதியதால் எனக்கு ஒரு சொந்தக்காரர்கூடக் குறைந்ததில்லை.

போன வாரம் திடீரென்று சமாதானம் பேச ஆள் வந்தது. பழைய விலைக்கே எழுதித் தருகிறேன் என்றார் பழனிச்சாமி. வக்கீல் நிலைமையை எடுத்துச் சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது உறுத்தியும் இருக்கலாம்.

திங்கட்கிழமை பதிவு. ஆதாரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் தேடினோம். "கொஞ்சம் பொறுங்க, ஆள் வருது" என்றார் பழனிச்சாமி. சற்று நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கியவர்... மரகதம். தம்பிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பேனாவை அக்காவிடம் நீட்டினார். "நீயே போடக்கா. நீ போட்டா, நாளைக்கு நா மாத்திப் பேச முடியாது."

மரகதம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு முடித்தார். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பழனிச்சாமி கேட்டார். "முகூர்த்தம் எத்தன மணிக்கு?"

கோர்ட்டில் வக்கீலுக்கே வாயால் பதில் சொன்னவர், இதற்குப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.