நாடகத்துப் பொண்ணுக்குத் திறந்த கதவு

சிங்கவரத்தில் என் பெரியம்மா வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாளில் ஒரு துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. அவளுடைய பழைய புடவை முந்தானையிலிருந்து கிழித்த துண்டு. மாம்பழ நிறமாக இருந்தது, வெளுத்து வெளுத்து இப்போது என்ன நிறமென்று சொல்ல முடியாது. தாழ்ப்பாள் நகரவே முடியாதபடி இறுக்கிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் ஏதாவது வேண்டுதலா என்று கேட்பார்கள். பெரியம்மாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். இந்தக் காலத்தில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு எவளாவது படுப்பாளா என்று நானே அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்போது நிற்பதில்லை.

எனக்குச் செஞ்சியில் ஒரு கேபிள் ஆபீசில் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கிறது. படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று காலையிலிருந்து வருகிற போன்களை எடுப்பது நான்தான். அப்படியொன்றும் பொறுமைசாலி இல்லை நான். ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவள்போல உட்கார்ந்திருப்பேன். எங்கள் பக்கத்தில் சீரியல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாடகம்தான். அந்த நாடகமெல்லாம் எங்கள் மாடியில் ஒரு அறைக்குள்ளிருந்துதான் கிளம்பி வருகிறது என்று பாதிப் பேர் இன்னமும் மனதார நம்புகிறார்கள். பெரியம்மாவும் நம்பினாள். "நாளைக்கு இன்னாடி ஆவும்? நீ பாத்திருப்பியே, சொல்லு" என்று என் தாடையைப் பிடித்துக் கெஞ்சுவாள்.

அவள் நாடகம் பார்ப்பதே ஒரு தனி வேடிக்கை. ஏழரைக்கு ஆரம்பம் என்றால் ஏழு மணிக்கே முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மன் கோயில் கூத்துக்குப் போகிறவள்போல இருக்கும். தெருவில் பெரிய டிவி அவள் வீட்டில்தான் என்பதால் எதிர்வீட்டு அண்ணியும் இன்னும் நாலைந்து பேரும் வந்துவிடுவார்கள். நானும் பல நாள் வேலை முடிந்து நேராக அங்கே பஸ் ஏறிவிடுவேன். விளம்பரம் வந்தால்கூட ஒருத்தி எழுந்திருக்க மாட்டாள். திரையில் இருப்பவர்களோடு பெரியம்மா வாய்விட்டுப் பேசுவாள், திட்டுவாள், புத்தி சொல்லுவாள்.

அந்த ஏழரை மணி நாடகத்தின்மேல் அவளுக்கு அப்படியொரு பைத்தியம் ஏன் என்று தெருவுக்கே தெரியும், யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. விரும்பினவனோடு வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை அது. பெரியம்மாவின் ஒரே மகளான என் அக்காவும் அப்படிப் போனவள்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள், கூட வேலை செய்தவனைக் கட்டிக்கொண்டாள். வேறு ஆட்கள். பெரியப்பா ஊர்முன்னால் தலை நிமிர முடியவில்லை என்று படுத்தவர், எழுந்திருக்கவேயில்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தாம்பாளத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி வைக்கச் சொன்னார். "இந்த வாசக்கதவ அவளுக்கு நீ தொறக்க மாட்டேன்னு அணை" என்றார். பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கற்பூரம் அணைத்துப் பண்ணின சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள், அதுவும் வாங்கினவர் செத்துப்போய்விட்டால் கேட்கவே வேண்டாம். பெரியப்பாவின் படம் டிவிக்கு மேலேயே மாட்டியிருந்தது.

நாடகம் கடைசியாக வந்த அன்று தூறல். கொசுவுக்கும் சாரலுக்கும் பயந்து கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் தன் அம்மா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வாசலில் நிற்கிறாள். உள்ளே அம்மாக்காரி அடுப்படியில் நிற்கிறாள். வாசலில் அந்தப் பெண் கண்ணாடி வளையல் போட்ட கையைக் கதவைத் தட்டுவதற்காகத் தூக்குகிறாள், அவ்வளவுதான், கை அந்தரத்தில் நின்றது. "போய்த் தொறடி பாவி! பெத்த பொண்ணு வாசல்ல நிக்குதுடி, தொறடி!" என்று பெரியம்மா தொண்டை கிழியக் கத்தினாள். தொடரும் என்று போட்டு, பாட்டும் போட்டுவிட்டான்.

மறுநாள் ஏழரைக்கு அந்த இடத்தில் ஏதோ பலூன் உடைக்கிற விளையாட்டு நிகழ்ச்சி வந்தது. எங்கள் ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. "இன்னா, எங்க நாடகத்த கட் பண்ணிட்டீங்களா?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அதற்கடுத்த நாள் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கி மாடிப்படியிலேயே குந்திக்கொண்டார்கள். நாடகத்தைப் போடாமல் நகர மாட்டோம் என்றார்கள். எங்கள் ஓனர் பின்பக்கப் படி வழியாக டீ குடிக்கப் போனவர் சாயங்காலம்வரை திரும்பவில்லை. சேனல்காரர்களுக்குப் போன் போட்டேன். பார்க்கிறவர்கள் போதவில்லையாம், நிறுத்திவிட்டார்களாம். முடிவு கிடையாதா என்று கேட்டேன். "இல்லம்மா, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்கள். படிக்கட்டில் வந்து அதைச் சொன்னபோது ஒரு வயதான அம்மா என்னையே பார்த்து, "அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள்.

பெரியம்மா சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று மாலையில் நான் போனபோது டிவியை அணைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "கூத்து கட்டினா மழ வந்தாலும் இடி வுழுந்தாலும் மங்களம் பாடாம வேசத்தக் கலைக்க மாட்டாங்கடி. ஏன் தெரியுமா? வேசம் கட்டி வந்தது திரும்பிப் போவ வழி தெரியாம ஊருக்குள்ளயே சுத்தும். இவனுங்க அந்தப் பொண்ண வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டானுங்க. அது இன்னும் நிக்குது" என்றாள். வாசல் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து மிச்சக் கதையை அவளே சொல்ல ஆரம்பித்தாள். பெண்கள் வழக்கம்போல வந்து, அணைந்து கிடக்கிற டிவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள். கறுப்புத் திரையில் எங்கள் முகங்களே மங்கலாகத் தெரிந்தன. பெரியம்மா நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அம்மாக்காரியை அடுப்படியிலிருந்து வாசலுக்குக் கொண்டுவர அவளால் முடியவில்லை. ஒருநாள் பால் பொங்கியது, ஒருநாள் கரண்ட் போயிற்று, ஒருநாள் சின்ன வயசு ஞாபகம் வந்து நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். நாடகக்காரர்களே தோற்றார்கள் போங்கள். எதிர்வீட்டு அண்ணி பொறுக்க மாட்டாமல், "கத ஒங் கையிலதான இருக்குது, தொறந்து வுடேன்க்கா" என்றாள். "வாயில வரலடி" என்றாள் பெரியம்மா.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

மெதுவாகத்தான். கூடவே கண்ணாடி வளையல் மரத்தில் உரசுகிற சத்தம். தெருநாய் குரைக்கவில்லை. யாரு என்று நான் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. எழுந்து திறந்தேனா என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து எல்லோருமாகக் கூடித் திறந்து பார்த்தோம், தெருவிளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். அண்ணி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு என் தொடையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது. அதற்கப்புறம் பாதிப் பேர் வரவில்லை.

மூன்றாவது தடவை தட்டியபோது மறுபடியும் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மா எழுந்தாள். நேராக வாசலுக்குப் போகாமல் பெரியப்பா படத்துக்கு எதிரே போய் நின்றாள். "இது எம் பொண்ணு இல்ல. நாடகத்துப் பொண்ணு. இதுக்குத் தொறந்தா சத்தியம் மீறாது. கேட்டுக்க" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

யாரும் இல்லை. தரை முழுக்க நனைந்திருந்தது. எங்கள் செருப்புகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தன. நடுவில், நிலைப்படியை ஒட்டி, இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து அதுவும் நனைந்துபோயிற்று. "உள்ள வாம்மா. எம்மா நேரமா நிக்கிற" என்று பெரியம்மா ஒதுங்கி வழிவிட்டாள். கொசுவர்த்திப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராயிற்று.

பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனவள் பாதியில் நின்றாள். தாழ்ப்பாளையே பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக ஏதோ வந்தது அவளுக்கு. "அவளுக்குத் தொறக்க மாட்டேன்னுதானடி கற்பூரத்த அணைச்சேன். சாத்தி வெப்பேன்னு எங்கடி சொன்னேன்?" என்றாள். பரணில் கிடந்த பழைய புடவையின் முந்தானையைச் சர்ரென்று கிழித்துத் தாழ்ப்பாளில் சுற்ற ஆரம்பித்தாள். அவள் கட்டி முடித்த பிறகு நான் அதைப் போனில் படம் எடுத்தேன். அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது, அது பெரியம்மாவுக்கும் தெரியும். ஒரு வார்த்தை எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினேன்.

அக்கா வந்தது அந்த வாரக் கடைசியில், பகல் வெயிலில். நிலைப்படியில் பையோடு நின்றாள். பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. "சாப்டியா?" என்றாள். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். "வந்து குந்து, சோறு இருக்குது." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இரண்டு பேரும் அழுததை நான் எழுதப் போவதில்லை, என்னால் முடியாது.

சாப்பிட்ட பிறகுதான் அக்கா சொன்னாள். "அன்னிக்கே வந்தேம்மா. நாடகம் கடைசியா ஓடுச்சே, அன்னிக்கு. வாச பூரா செருப்பு. செருப்ப ஒதுக்கிட்டு நின்னு, தட்டலாம்னு கையத் தூக்கினேன். உள்ளருந்து நீ கத்துன, பெத்த பொண்ணு வாசல்ல நிக்குது, தொறடின்னு. எனக்குத்தான் சொல்றன்னு நெனச்சு அப்டியே நின்னேன். நீ தொறக்கல. அப்புறம் பாட்டு போட்டான். டிவிக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

பெரியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். "எவளையோ தொறடின்னு கத்திக்கினு, எம் பொண்ண மழையில நிக்க வெச்சேனேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தக் கையை நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

பிறகு நான் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். நீ தட்டினாயா என்று. "இல்லடி. தூக்கின கைய எறக்கிட்டேன்" என்றாள். மறுபடி எப்போதாவது வந்தாயா என்றதற்கும் இல்லை என்றாள், அன்றிலிருந்து தினமும் சாயங்கால ஷிஃப்ட்டாம். அவள் கையைப் பார்த்தேன். மொட்டைக் கை. கம்பெனியில் வளையல் போடவே விடமாட்டார்களாம், போட்டுப் பல வருஷமாயிற்று என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது அக்கா மாதம் ஒருதரம் வருகிறாள், அவள் வீட்டுக்காரரும் வருகிறார். தெருப் பெண்கள் வேறு நாடகத்துக்கு மாறிவிட்டார்கள், எங்கள் ஆபீசில் அந்தப் பழைய நாடகத்தின் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. போன வாரம் நாங்கள் மூன்று பேர்தான் கூடத்தில் இருந்தோம். ஏழரை இருக்கும். விரியத் திறந்து கிடக்கிற கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது, மெதுவாக, வளையலோடு. அக்கா வெலவெலத்துப்போய் வாசலைப் பார்த்தாள். வாசலில் தெருவிளக்கு வெளிச்சம்தான் இருந்தது.

பெரியம்மா கையிலிருந்த கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயப்படாத, அதுதான். நம்ம வூட்டுக்கு வான்னு நான் கூப்ட்டாச்சு, அதும் வந்துட்டுப் போவுது. ஆனா அதப் பெத்தவ இன்னும் தொறக்கலியே, பாவம்" என்றாள்.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளில் துணி ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது. அதை இழுத்துச் சுற்றி, இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.