முப்பத்துமூன்றும் இருநூற்றிருபத்தைந்தும்

மலாய் நாட்டின் மாசாய் ஊரில் எங்கள் வீட்டருகே உள்ள எரிபொருள் நிலையத்தில், வண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்க ஆள் இல்லை. சுவரோரம் ஒரு பெட்டி நிற்கும். வேண்டிய எண்ணைப் பதித்துக் குழாயைப் பொருத்தினால், குறைந்ததை ஏற்றி, மிகுந்ததை இறக்கி, முடிந்ததும் ஒலியெழுப்பும்.

மருமகன் பாசிர் கூடாங் ஆலையொன்றில் தகுதிகாண் பருவத்தின் இறுதி வாரத்தில் இருந்தார். ஒரு நாள் பிந்தினாலும் பணி உறுதியாகாது என்று மகள் சொல்லியிருந்தாள். அன்று மாலை களைத்து வந்தவர், "மாமா, பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. அடிச்சிட்டு வந்துர்றீங்களா?" என்றார். நான் மகள் வீட்டிற்கு வந்த ஓராண்டில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது.

உந்துருளியைத் தள்ளிச் சென்று, 33 எனப் பதித்தேன். மலாய் ஊழியர் எட்டிப் பார்த்து, "டுவா டுவா லீமா, பாக்சிக்" என்றார். இருநூற்றிருபத்தைந்து, பெரியவரே என்கிறார். அது சரக்குந்துக்குரிய அளவென்று எண்ணி, புன்னகைத்துத் தலையசைத்தேன்.

தஞ்சையில் முப்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். அழுத்தத்தின் அலகு பாஸ்கல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மாலையில் காற்றடிக்கும் கடையில் "பின்னால முப்பத்துமூணு வைங்க" என்பேன். பாஸ்கல் தேர்வுத்தாளுக்கு, பவுண்டு தெருவுக்கு. இங்கே தெருவே கிலோபாஸ்கலில் இயங்குவதை, என் முப்பத்துமூன்று பவுண்டுதான் அந்த இருநூற்றிருபத்தைந்து என்பதை, நான் நினைத்துப் பார்க்கவில்லை. சீறல் கேட்டது. ஏறுகிறது என்று நின்றிருந்தேன், இறங்கிக்கொண்டிருந்தது. திரும்புகையில் வண்டி கனத்தது. அகவையின் தளர்ச்சி என்று கொண்டேன்.

மறுநாள் விடியலில் மருமகன் விரைந்து புறப்பட்டார். சற்று நேரத்தில் அலைபேசி ஒலித்தது. "வளைவுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுருச்சு மாமா. எனக்கு அடி இல்ல. எத்தனை வச்சீங்க?"

சொன்னேன். "பரவால லா மாமா" என்றார்.

தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று திங்கள் நீட்டிவிட்டனர். பிழை என்னுடையதென மேலாளருக்கு மடல் எழுத அமர்ந்தேன். அவர் படிக்கும் மொழி எனக்கு வாய்க்கவில்லை. வீட்டில் எவரும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் மருமகன் தாமே வண்டியைக் கொண்டுபோனார். வாயிலில் நின்று "இருநூற்றிருபத்தைந்து" என்றேன். "தெரியும் மாமா" என்றார், மென்மையாகவே. அவர் திரும்பி வந்து உள்ளே சென்றபின், குனிந்து பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். இருநூற்றிருபத்தைந்து என்று வாய் முணுமுணுத்தது. விரல் மட்டும், சரியாக முப்பத்துமூன்று என்றது.