ஒன்பதரை போட்ட டெல்சி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகிற வழியிலுள்ள ஐஸ் கம்பெனியில் டெல்சி டோக்கன் எழுதுகிறாள். எந்த வள்ளத்துக்கு எத்தனை பார் ஐஸ் என்று குறித்துக் கொடுப்பது வேலை. ஒரு காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். ஜெபமாலை கேட்கிறாள் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டது மேற்கத்திய ராக் இசையில் ஒரு வகையான போஸ்ட்-பங்க்.

அந்தப் பழக்கம் சென்னையில் பிடித்தது. படிப்பு முடிந்து அங்கே ஒரு கால்சென்டரில் இருந்தபோது, விடுதியில் அடுத்த கட்டில்காரியான மிசோரம் பெண் தன்னிடமிருந்த ஆல்பங்களையெல்லாம் இவளுக்கு ஏற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த வருடம் அப்பா கபிரியேல் வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையானார். அம்மா முன்பே இறந்திருந்தாள். அண்ணன் பிரைட்டன் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவன். போனால் ஒரு மாதம். "ஆறு மாசம் நின்னு பாரு. பொறவு போலாம்" என்றான். ஏழு வருடமாகிவிட்டது.

அந்த ஏழு வருடத்தில் நூற்றுப்பத்து ஆல்பங்களைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதியிருக்கிறாள். படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். எழுத்தில் தாட்சண்யம் கிடையாது. 'கிதாரை எதிரொலியில் ஊறப்போட்டால் சோகம் வந்துவிடுமா?' என்று ஒரு பெரிய குழுவைக் கேட்டாள். இன்னொரு ஆல்பத்தில் டிரம்ஸ் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோலக் கேட்டதாம். அதற்காகவே அது பிடித்திருந்தது. பாடகன் அழகாகப் பாடினால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். பிரிக் ஹாலிடே என்ற இங்கிலாந்துக் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு மட்டும் பத்துக்கு ஒன்பதரை. ஓடுகிற பஞ்சாலைக்குள் வைத்துப் பதிவுசெய்தது அது. இயந்திர இரைச்சலுக்கு அடியில் பேஸ் கிதார் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருக்கும்.

போன ஆகஸ்டில் சென்னையிலிருந்து அழைத்தார்கள். இசை கேட்கிறவர்கள் கூடுகிற ஒரு சனிக்கிழமை. அந்த ஆல்பத்தைப் பற்றி அவள் பேச வேண்டும். பிரைட்டன் கரைக்கு வருகிற வாரமும் அதுதான். குழித்துறையிலிருந்து ரயில் டிக்கெட் போட்டாள். மூன்று நாள் முன்னதாகவே பையில் துணி அடுக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரைட்டன் போன் செய்தான்.

"ஏட்டி, எஞ்சின் கேடாயிட்டு. கொச்சியில கெட்டிப் போட்டிருக்கோம். படக விட்டுட்டு வர முடியாது. திங்கக்கிழம ஆவும்."

"எனக்கு இன்னிக்காக்கும் வண்டி, அண்ணா."

"அப்பாவ ஆரு தூக்குவா? நீயே சொல்லு."

பகலில் பக்கத்து வீட்டு பிந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள். ஆனால் கபிரியேலைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக அவளால் ஆகாது. டெல்சி போனை வைத்தாள். துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

போனிலேயே பேசுங்கள் என்றார்கள் சென்னைக்காரர்கள். வீட்டில் சிக்னல் போதாது. சனிக்கிழமை ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினாள். பத்து நிமிடம் நன்றாகவே போயிற்று. அப்புறம் வெளியே ஐஸ் உடைக்கிற மெஷினை ஓட்டிவிட்டார்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவர் குதூகலமாகிவிட்டார். "டெல்சி, பின்னாடி கேக்குதே அந்தச் சத்தம், அப்படியே ஆல்பம் மாதிரியே இருக்கு! நீங்க அதுக்குள்ளயே வாழறீங்க. லக்கி!"

கைதட்டல் கேட்டது. டெல்சிக்கு முகம் சுட்டது.

"லக்கியா? அவங்க அந்த மில்லுக்குள்ள மூணு வாரம் இருந்தாங்க. பதிவு முடிஞ்சதும் வெளிய போயிட்டாங்க. எனக்கு இது தினமும் எட்டு மணிக்கூர். வெளிய போவ வாசல் உள்ளவங்களுக்குத்தான் இந்தச் சத்தம் அழகு. அதெ யோசிக்காம நான் ஒன்பதரை போட்டேன். தப்பு."

அந்தப் பக்கம் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கபிரியேல் கேட்டார். "பேசினியா மோளே? என்னத்தப் பத்தி?"

"ஒரு பாட்டப் பத்தி."

"போடு, கேப்போம்."

தலையணை அருகே போனை வைத்தாள். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"இவன் என்ன, ஒரே எடத்துல கெடந்து சுத்துகான்? கடைசியிலயாவது கரை ஏறுவானா?"

"இல்லப்பா. இப்பிடியே முடிஞ்சிரும்."

"அப்பம் நிறுத்து."

நிறுத்தினாள். அவரை இடப்பக்கம் புரட்டி, முதுகில் பவுடர் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பிரைட்டன் வந்தான். பத்து நாள் வீட்டிலிருந்தான். அந்தப் பத்து நாளும் அவளை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போனான்.